முழவும் எண்ணும்: கித்துல்கலத் தோட்டமொன்றிலிருந்து சில குறிப்புகள்

இசைக்கருவிகளின் வரலாற்றை அவற்றை முழக்கியோரின் வரலாற்றிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது என்பது இன்று பெரிதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும். எனினும் தமிழ் ஆய்வுலகில் முழவுகள் பற்றிய ஆராய்ச்சி பெரும்பாலும் சங்கச் செய்யுட்களோடும் சிலப்பதிகார உரைகளோடும் அமைந்துவிடுகின்றது. மலையகத் தோட்டமொன்றில் இன்று ஒரு முழவடி எவ்வாறு எண்ணாகின்றது, அவ்வெண் மீண்டும் எவ்வாறு ஒலியாகின்றது, இவ்விரு மாற்றங்களுக்குமிடையில் எது தங்குகின்றது, எது நழுவுகின்றது என்பன இலக்கிய மாணவர்க்குப் புறம்பான தொழில்நுட்ப வினாக்களாகவே கருதப்பட்டு வந்துள்ளன. எழுத்துக்கும் ஒலிக்குமுள்ள உறவை ஆராயும் துறையினர் எண்ணுக்கும் ஒலிக்குமுள்ள உறவை ஆராயாது விடுதற்கு நியாயம் எதுவுமில்லை என்பதே நமது நிலைப்பாடு.

கேகாலை மாவட்டத்தில், களனி கங்கைக் கரையில், அவிசாவளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது கித்துல்கல. மழை மிகுந்த ஊர். சூழவுள்ள மலைச்சரிவுகளில் றப்பரும் தேயிலையும் உள. நாம் அங்குச் சென்றது தப்படிகள் பற்றிய குறிப்புகளைத் திரட்டுவதற்காகும். ஆனால் முதல் நாள் மாலையிலேயே நமது கவனம் வேறொன்றின்பாற் திரும்பியது. பால் வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகனான இளைஞர், தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கென ஒரு பாட்டுக்குத் தாளம் அமைத்திருந்தார். பழைய விசைப்பலகை ஒன்றும், ஒரு கணினியுமே அவரது மூலதனம். தாளம் சிறியதாக ஒலிக்கின்றது என்று நண்பர்கள் கூறவே, விசைப்பலகையில் இருந்த வேறொரு முழவுத் தொகுதியை, இளைஞர் வழக்கிற் கூறினால் வேறொரு 'கிட்'டை, தெரிவு செய்தார். அவ்வளவுதான். இடைவிடாது மெல்லெனத் தட்டிக்கொண்டிருந்த மூடிய தாளத் தட்டின் ஒலி மறைந்து, அவ்விடமெங்கும் பெருங்கொப்பரை முழவொன்று உறுமத் தொடங்கியது.

"எழுதினது அதேதான் சேர். பேசுறது வேறயா இருக்கு" என்றார் அவர்.

மொழியியல் வகுப்பொன்றில் இதனினும் தெளிவாகச் சிக்கலை எவரும் எடுத்துரைத்தல் அரிது. இக்கட்டுரை அவரது கூற்றுக்கு எழுதப்பட்ட விரிவுரையே எனலாம்.

முதலில் மிடி எனப்படும் முறைமையை நோக்குவோம். 1970களின் இறுதியில் மின்னணு இசைக்கருவிகளைச் செய்த கொம்பனிகள் ஒவ்வொன்றும் தத்தமக்கெனத் தனி இணைப்பு முறையைக் கொண்டிருந்தன. ஒன்றன் கருவி மற்றொன்றன் கருவியோடு பேசாது. கலிபோர்னியாவைச் சேர்ந்த டேவ் ஸ்மித்தும் அவரது உடனுழைப்பாளரும் 1981 இல் பொது இணைப்பொன்றுக்கான திட்டத்தை முன்வைத்தனர். யப்பானில் றோலண்ட் கொம்பனியை நிறுவிய இக்குத்தாறோ கக்கேஹாஷி அம்முயற்சியில் முன்னின்றார். 1983 சனவரியில், அமெரிக்க இசை வணிகக் கண்காட்சியில், ஸ்மித்தின் கருவியும் றோலண்டின் கருவியும் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டன. ஒன்றில் விசையை அழுத்த மற்றது ஒலித்தது. இம்முறைமையைப் பயன்படுத்துவதற்கு எவரும் உரிமைப் பணம் செலுத்த வேண்டியதில்லை என்று விடப்பட்டது. போட்டியிடும் முதலாளிகள் தமது பொதுச் சந்தையை விரிப்பதற்கென உடன்படும் தருணங்கள் உண்டு. அத்தருணங்களால் உழைப்போருக்கும் சிற்சில நன்மைகள் வாய்ப்பதுண்டு. கித்துல்கல இளைஞரின் பழைய விசைப்பலகை இன்றைய கணினியோடு பேச முடிவதும் அத்தகையதொரு நன்மையே.

அக்கம்பி வழியே செல்வது ஒலியன்று. இதுவே அனைத்துக்கும் அடிப்படை. செல்வன எண்கள். ஒரு முழவடிக்கு மூன்று எண்கள் போதும். முதலாவது, 'அடி தொடங்குக, இன்ன செனலில்' என்னும் கட்டளை. முழவுகளுக்கென ஒதுக்கப்பட்ட 10ஆம் செனலுக்கு அது 153. இரண்டாவது, எந்த விசை என்பதைக் கூறும் சுர எண்; 0 முதல் 127 வரை. மூன்றாவது, எவ்வளவு வன்மையாக அடிக்கப்பட்டது என்பதைக் கூறும் விசையளவு. அதுவும் 127 வரை. 153, 38, 100 என்று வந்தால், 38ஆம் விசையைச் சற்று வன்மையாக அடி என்பது பொருள். நொடிக்கு 31,250 துணுக்குகள் என்ற வேகத்தில் இம்மூன்றும் சென்றுசேர ஏறத்தாழ ஒரு மில்லி நொடி ஆகும். தோல் எது, குச்சி எது, அடித்தவர் எவர் என்பன அம்மூன்றில் இல்லை. பெறுகின்ற கருவி தன்னிடம் 38ஆம் இடத்தில் எவ்வொலி உள்ளதோ அதனை எழுப்பும்.

ஏனைய கருவிகளில் இதனால் இடர் பெரிதாக எழாது. புல்லாங்குழலை நீக்கி வயலினை வைத்தாலும் 60ஆம் எண் அதே சுரத்தையே தரும். நிறம் மாறுமேயன்றிப் பொருள் மாறாது. முழவுத் தொகுதியிலோ ஒவ்வோர் எண்ணும் ஒவ்வொரு தனிக்கருவி. அவ்வெண்ணுக்கும் அக்கருவிக்கும் இயற்கையான தொடர்பு எதுவுமில்லை. இடுகுறி உறவு மாத்திரமே உண்டு. எனவே உடன்பாடு வேண்டப்பட்டது. 1991 இல் வெளியான பொது மிடி விதி 35 முதல் 81 வரை 47 எண்களுக்கு முழவொலிகளை வகுத்தது. 36 பேஸ் முழவு, 38 சினெயார், 42 மூடிய ஹைஹற், அதாவது காலால் இயக்கும் இணைத்தட்டு மூடிய நிலையில், 46 அதுவே திறந்த நிலையில், 49 மோதுதட்டு. 1999 இல் வந்த இரண்டாம் விதி அதனை 27 முதல் 87 வரையாக விரித்தது.

இப்பட்டியலை ஓர் இலக்கியப் பிரதியை வாசிப்பது போல வாசித்தல் தகும். 35 முதல் 59 வரையிலான எண்களிற் பெரும்பாலானவை அமெரிக்க நடன இசைக்குழுவின் முழவுகளும் தட்டுக்களும். 60 முதல் 64 வரை பொங்கோவும் கொங்காவும். 65, 66 டிம்பாலே. 67, 68 அகோகோ. 78, 79 குயிக்கா. கியூபாவிலும் பிரேசிலிலும் கரும்பு, கோப்பித் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த ஆபிரிக்க மக்களின் பண்பாட்டிலிருந்து கிளைத்த கருவிகள் இவற்றுட் பல. அந்நாடுகளில் அடிமை முறை முறையே 1886 இலும் 1888 இலுமே சட்டப்படி ஒழிந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, அத்தோட்டங்களின் முழவுகளுக்கு உலகளாவிய எண்கள் கிடைத்தன. பிரித்தானியப் பேரரசில் அடிமை முறை ஒழிந்தபின் அதன் இடத்தை நிரப்பக் கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் முழவுக்கு எண் கிடைக்கவில்லை. தப்பு இல்லை, உறுமி இல்லை, தவிலும் மிருதங்கமும் தபேலாவுங்கூட இல்லை. இதனைச் சதியென்று கொள்ளுதல் தவறு. கியூப, பிரேசில் முழவுகள் நியூயோர்க்கின் நடன மண்டபங்களுக்கும் இசைத்தட்டுத் தொழிலுக்கும் ஏற்கெனவே வந்துசேர்ந்திருந்தன; பட்டியலை வகுத்தோர் தம் சந்தையில் ஒலித்தவற்றை எண்ணினர். லயன் காம்பறாக்களில் ஒலித்தது அச்சந்தையை எட்டவில்லை. பிற்காலத்தில் இந்தியச் சந்தைக்கென யமஹா செய்த விசைப்பலகைகளில் தபேலா முதலியவற்றின் ஒலிகள் இடம்பெற்றமையும் இதே தருக்கத்தின் விளைவே. வாங்குவோர் தொகை பெருகியதும் எண் வந்தது.

இங்கு ஒரு சிறு விலகல். கித்துல்கலயைப் பிறநாட்டார் அறிவது ஒரு திரைப்படத்தால். டேவிட் லீன் இயக்கி 1957 இல் வெளிவந்த 'குவாய் ஆற்றுப் பாலம்' என்னும் படத்தின் பாலம் இங்கேதான், களனி கங்கைக்குக் குறுக்கே கட்டப்பட்டுத் தகர்க்கப்பட்டது. கதை சயாம்–பர்மா இரயில்பாதை பற்றியது. 1942–43 இல் யப்பானியப் படை அமைத்த அப்பாதையில் நேசநாட்டுப் போர்க்கைதிகளிலும் பன்மடங்கு அதிகமாக ஆசியத் தொழிலாளர் மடிந்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் அவர்களுட் பெருந்தொகையினர். படத்தின் மையத்தில் நிற்போரோ பிரித்தானியக் கைதிகள். தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வாழும் ஊரிலேயே தமிழ்த் தோட்டத் தொழிலாளர் மடிந்த கதை அவர்களின்றிப் படமாக்கப்பட்டது. பட்டியலில் இடம்பெறாதோர் பட்டியலைத் தயாரித்தோரால் மறுக்கப்பட்டவர்களாகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை. பல வேளைகளில் அவர்கள் எண்ணப்படவேயில்லை.

இனி இளைஞரின் சிக்கலுக்கு வருவோம். பொது மிடி ஒரு தொகுதியையே வகுத்தது. றோலண்ட் 1991 இல் கொணர்ந்த ஜீ.எஸ். முறையும், யமஹா 1994 இல் கொணர்ந்த எக்ஸ்.ஜீ. முறையும், பின்னர் இரண்டாம் பொது விதியும் பல தொகுதிகளை வகுத்தன: சாதாரணம், அறை, மின்னணு, ஜாஸ், தூரிகை, சேர்ந்திசை எனப் பலவாறு. இவற்றுட் பெரும்பாலானவற்றில் இடங்கள் மாறுவதில்லை. 38இல் எப்போதும் ஏதோவொரு சினெயாரே இருக்கும். ஆயின் சேர்ந்திசைத் தொகுதியில், 41 முதல் 53 வரையான பதின்மூன்று எண்களும் டிம்பனி என்னும் செம்புக்கொப்பரை முழவின் பதின்மூன்று சுரங்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. மூடிய ஹைஹற் 27ஆம் எண்ணுக்குத் தள்ளப்பட்டுள்ளது. இளைஞரின் தாளத்தில் மிகுதியாக வந்த எண் 42. அதுவே உறுமியது. தூரிகைத் தொகுதியிலும் இவ்வாறானதொரு பொறி உண்டு: 39ஆம் எண் சாதாரணத் தொகுதியிற் கைதட்டல், தூரிகைத் தொகுதியிலோ தூரிகையால் அறைதல்.

இடத்துக்கேற்ப முழவு மாறும் என்ற எண்ணம் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையைக் கூறும். உரையாசிரியர்கள் குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்கு ஆறலைப்பறை என வகுப்பர். பெயர்களே தொழிலைச் சுட்டுகின்றன: நெல்லரிதல், மீன்பிடித்தல், வழிப்பறித்தல். பல நூற்றாண்டுகளின் பின்னர் சிலப்பதிகாரத்துக்கு உரையெழுதிய அடியார்க்குநல்லார் முழவுகளை அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு முதலியனவாகப் பகுத்து, மத்தளம் முதலானவற்றை உத்தமம் என்றும், தண்ணுமை முதலானவற்றை மத்திமம் என்றும், கணப்பறை முதலானவற்றை அதமம் என்றும் தரப்படுத்துகின்றார். முன்னதில் நிலமும் தொழிலும் பகுப்பின் அடிப்படை. பின்னதில் உயர்வு தாழ்வு அடிப்படை. இடையில் நிகழ்ந்த சமூக மாற்றத்தை இவ்விரு பட்டியல்களும் தாமாகவே காட்டிவிடுகின்றன. மிடிப் பட்டியலில் அத்தகைய தர வரிசை வெளிப்படையாக இல்லை. 36 உத்தமமுமன்று, 81 அதமமுமன்று. அதன் பாகுபாடு உள்ளடக்கத்திலன்று, விடுபட்டவற்றில் உளது.

ஒரு தொகுதிக்கென எழுதியதை மற்றொன்றில் உரியவாறு ஒலிக்கச் செய்வதற்கு மூன்று வழிகள் உள. எழுதப்பட்ட எண்களையே மாற்றி எழுதலாம். தொகுதியின் உள்ளே ஒலிகளை இடம்மாற்றி அமைக்கலாம். பழைய, மலிவான விசைப்பலகைகள் பலவற்றில் இதற்கு வசதி இல்லை. அன்றேல் எழுதியதையும் ஒலிப்பதையும் தொடாது, இரண்டுக்கும் நடுவே ஓர் அட்டவணையை வைக்கலாம்: '42 வந்தால் 27ஐ அனுப்பு, 36 வந்தால் 36ஐயே அனுப்பு' என்றவாறு. இசைக் கணினி நிரல்கள் பலவற்றில் இவ்வட்டவணை வசதி உண்டு. மூன்றாவது வழியையே நாம் விதந்துரைப்போம். மூலபாடத்தைத் திருத்தாது பாடபேதத்தை அடிக்குறிப்பிற் காட்டும் பதிப்பாசிரியரின் ஒழுக்கம் அது. நாளை வேறொரு கருவி வந்தால் அட்டவணையை மாத்திரம் மாற்றினாற் போதும்.

மூலத்தை மாற்றத்தான் வேண்டும் என்போர் ஒன்றைக் கவனித்தல் அவசியம். இரு எண்களை ஒன்றுக்கொன்று மாற்ற முனையும் எவரும் முதன்முறை செய்யும் பிழை இது. எல்லா 38களையும் 40 ஆக்குகின்றோம்; பின் எல்லா 40களையும் 38 ஆக்குகின்றோம். விளைவு யாது? முதல் மாற்றத்தின்பின் இருவகை அடிகளும் 40 ஆகிவிட்டன. இரண்டாம் மாற்றம் அவை அனைத்தையும் 38 ஆக்கிவிடும். இரண்டு அடிகள் ஒன்றாகிவிட்டன. எது எதுவாக இருந்தது என்பதை இனி எவராலும் கூறவியலாது. பயன்படாத எண்ணொன்றை, 120 என்று வைத்துக்கொள்வோம், இடைத்தங்கலாகக் கொண்டு 38ஐ 120 ஆகவும், 40ஐ 38 ஆகவும், 120ஐ 40 ஆகவும் மாற்றுவதே முறை. நமது இளைஞர் இதனை ஓர் இரவு முழுவதும் இழந்து கற்றிருந்தார்.

இதே காரணத்தால், ஒலிகள் குறைந்த தொகுதிக்கு மாறுகையில் இழப்புத் தவிர்க்கவியலாதது. எழுதிய தாளத்தில் ஆறு டொம் முழவுகள் இருக்க, புதிய தொகுதியில் மூன்றே இருப்பின், இவ்விரண்டாக ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றலாம், தாளம் ஓடும், ஆனால் அங்கிருந்து பழையதை மீட்டல் முடியாது. ஒன்றிலிருந்து பலவற்றைப் பிரித்தெடுக்கும் அட்டவணை கிடையாது. ஆதலின் முதற்பிரதி காக்கப்பட வேண்டும்.

எண்கள் சரியாகிய பின்னரும் தாளம் பிழையாக ஒலிப்பதுண்டு. விசையளவே பெரும்பாலும் காரணம். ஒரு தொகுதியில் 30 என்ற அளவில் மெல்லெனக் கேட்கும் அடி மற்றொன்றிற் கேளாமலே போகலாம். அல்லது ஒன்றில் 90இல் தொடங்கும் வன்மையான ஒலிப்பதிவு மற்றொன்றில் 110இலேயே தொடங்கலாம். அவ்வாறாயின் அட்டவணையில் விசையளவுக்கும் ஒரு விதி சேர்க்க வேண்டும்: இவ்வளவு கூட்டு, அல்லது இவ்வளவால் பெருக்கு, 127ஐத் தாண்டவிடாதே. கீழே 0 ஆகவும் விடலாகாது. விசையளவு 0 உடைய அடி மிடி இலக்கணத்தில் அடியன்று, அடியை நிறுத்துக என்னும் கட்டளை. அடுத்தது, ஒன்றையொன்று அடக்கும் ஒலிகள். 46 திறந்த ஹைஹற் ஒலித்துக்கொண்டிருக்கையில் 42 வந்தால் அவ்வொலி அறுபட வேண்டும். ஒரே தட்டு திறந்தும் மூடியும் இருக்க முடியாதல்லவா? இவ்விரண்டையும் தொடர்பற்ற இரு இடங்களுக்கு அனுப்பிவிட்டால் அடக்கம் போய்விடும்; திறந்த தட்டு மூடிய தட்டின்மேல் ஒலித்துக்கொண்டேயிருக்கும். இன்னொன்று, எழுத்துப் பெயர்களை நம்பலாகாது. 60ஆம் எண்ணை யமஹா மூன்றாம் ஸ்தாயியின் 'சீ' என்று எழுதும். றோலண்ட் நான்காம் ஸ்தாயியின் 'சீ' என்று எழுதும். அட்டவணையை எண்ணாலேயே எழுதுதல் நன்று.

இவற்றை எல்லாம் இளைஞரும் நாமும் ஒரு முற்பகலிற் செய்து முடித்தோம். தட்டு மீண்டும் தட்டாகவே ஒலித்தது. பிற்பகலில் அவர், "இதில தப்ப எந்த நம்பருக்குப் போடுறது சேர்?" என்று வினவினார். எஞ்சிய மூன்று நாட்களையும் அவ்வினாவே எடுத்துக்கொண்டது.

தோட்டப்புறத்தில் தப்பின் இடம் யாதென்பதை மலையக இலக்கியம் பயின்றோர் அறிவர். விடியுமுன் தொழிலாளரை எழுப்பிப் பெரட்டுக்கு அழைத்தது தப்பு. சாவை அறிவித்ததும், அம்மன் கரகத்துக்கு முன்சென்றதும், மாசி மாதத்துக் காமன் கூத்தில் இரதியையும் மதனையும் ஆட்டியதும் அதே தப்பு. சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டம் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதை முழவொலியோடு விடிகின்றமை தற்செயலன்று. தோட்டத்தின் கடிகாரம் தப்பாக இருந்தது. அதனை அடித்தவன் தோட்டத்தில் மிகத் தாழ்ந்தவனாக வைக்கப்பட்டிருந்தான். கங்காணி கொணர்ந்த கூட்டத்தோடு சாதியும் கப்பலேறி வந்தது. பறையர் சமூகத்தவர்க்கே தப்பு என்னும் விதியும் உடன் வந்தது. உழைப்பு நேரத்தை அளக்கும் துரைத்தனத்தின் தேவையும், பழைய சாதித் தொழிற்பிரிவும் ஒரே தோலில் கட்டப்பட்டிருந்தன என்று கூறின் மிகையாகாது.

சப்பிரகமுவவில் இது தமிழருக்கு மாத்திரம் உரிய நிலையுமன்று. சிங்கள ஆடல் மரபுகள் மூன்றனுள் கண்டிய மரபுக்குக் கெட்ட பெறயும், கீழ்நாட்டு மரபுக்கு யக் பெறயும் உரியன. சப்பிரகமுவ மரபுக்குரியது தவுல. ஒரு புறம் குச்சியாலும் மறு புறம் கையாலும் முழக்கப்படுவது அது. அதனை முழக்கியோரும் பெறவா என்னும் தனிச் சாதியினராக ஒதுக்கப்பட்டவரே. லயத்துத் தப்பும் ஊர்ப்புறத்துத் தவுலும் ஒரே பள்ளத்தாக்கில் அருகருகே ஒலித்துள்ளன; பொது மிடிப் பட்டியலில் இரண்டும் ஒருங்கே இல்லை.

தப்படிப்பதிற் தேர்ந்த முதியவர் ஒருவரிடம் இளைஞர் நம்மை அழைத்துச் சென்றார். உறவில் அவர் இளைஞருக்குப் பெரியப்பா முறை. மழை நாள். தப்பைத் தணலிற் காய்ச்சியபின்னரே அவர் கையில் எடுத்தார். வலக்கையில் தடித்த குறுங்குச்சி. இடக்கையில் மெல்லிய நீள்குச்சி. நாம் நமது பயிற்சிக்கேற்ப அடிகளை எண்ணினோம்: தடித்த குச்சி நடுத்தோலில், திறந்து, அதுவே அழுத்தி, மெல்லிய குச்சி, இரண்டும் சேர, சட்டத்தில். ஐந்து என்று குறித்துக்கொண்டோம். அவர் சிரித்தார். "காய்ச்சின தப்பும் சூடு ஆறின தப்பும் ஒண்ணா தம்பி? கேட்டுப் பாருங்க" என்று கூறிச் சற்று நேரம் கழித்து மீண்டும் அடித்தார். தோல் ஈரம் குடித்துத் தளர்ந்திருந்தது. அடி வேறாக இருந்தது. ஒரு தப்பு ஒரு கிட் என்று நாம் எண்ணியிருந்தோம். அவருக்கோ ஒரே தப்பு அரைமணி நேரத்துக்குள் வேறொரு கிட்டாகிவிடுகின்றது. அதனை அவர் காதாலும் தணலாலும் சமன் செய்கின்றார்.

இதனினும் ஆழமான வேறுபாடொன்று உண்டு. தனியடிகளுக்கு அவரிடம் பெயரில்லை. பெரட்டுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, சாமி அழைக்க ஓர் அடி என்று அவர் கூறும்போது 'அடி' என்பது ஒரு தொடரைக் குறிக்கின்றது. அத்தொடர் ஒரு சந்தர்ப்பத்தோடு பிணைக்கப்பட்டுள்ளது. மிருதங்க மரபிற் தனி அடிக்குச் சொற்கட்டு உண்டு. தத், தித், தொம், நம் என்று வாயாற் சொல்லிக் கையால் வாசிக்கலாம். சொற்கட்டும் ஒருவகை அட்டவணையே. ஒரே சொல் வெவ்வேறு கைகளில் வெவ்வேறு அடியாவதும் உண்டு. மிடியின் அலகு தனியடி என்பதால் சொற்கட்டு மரபு அதனுட் ஓரளவு எளிதாக நுழையும். தப்பு மரபின் அலகு சந்தர்ப்பம். ஆகவே அதனை எண்ணாக்குவோர், தெரிந்தோ தெரியாமலோ, சந்தர்ப்பத்தைக் கழற்றிவிட்டு அடியை மட்டும் எடுத்துக்கொள்கின்றனர்.

இளைஞருக்கு இது குறையாகப்படவில்லை என்பதையும் பதிவு செய்தல் வேண்டும். அவரது தந்தை தப்பைத் தொடுவதை நிறுத்தியவர். மகன் தொடக்கூடாது என்று கட்டளையிட்டவர். அடிக்கச் சொன்னால் அடிக்க வேண்டும், வாசலில் நின்று கூலி வாங்க வேண்டும் என்ற நிலையை நிராகரித்த தலைமுறை அது, அந்நிராகரிப்பு நியாயமானது. மரபைக் காக்க வேண்டுமென்று நகரத்திலிருந்து வந்து உபதேசிப்போர் இதனை மறத்தலாகாது; அவ்வுபதேசத்தை நாமும் ஒருகாற் செய்தவர்களே. விசைப்பலகையில் 88ஐ அழுத்தினால் தப்பு ஒலிக்கும், அழுத்தியவனை எவரும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள் என்பதே இளைஞருக்கு அவ்வெண்ணின் கவர்ச்சி. சந்தர்ப்பம் கழல்வதோடு இழிவும் கழலும் என்பது அவரது எதிர்பார்ப்பு. முழுவதும் கழலுமா என்பதில் நமக்கு ஐயமுண்டு.

எண் தெரிவிலும் நமக்குள் உடன்பாடு ஏற்படவில்லை. இரண்டாம் பொது விதி 87உடன் நின்றுவிடுகின்றது. 61 விசைகள் கொண்ட சாதாரண விசைப்பலகை 36 முதல் 96 வரை எட்டும். எனவே 88 முதல் 96 வரையிலான ஒன்பது விசைகளும் எவர்க்கும் உரியனவல்லாத நிலம். தப்பை அங்கே குடியேற்றுவோம் என்றோம். அவர் மறுத்தார். தமது கோப்பை வேறொருவரின் விசைப்பலகையிற் போட்டால் 88இல் ஒன்றுமே கேட்காது. 41, 45 முதலிய டொம் எண்களில் வைத்தாலோ தப்பு இல்லாத கருவியிலும் ஏதோ ஒரு முழவாவது கேட்கும் என்றார். பொய்யொலியினும் மௌனம் மேல் என்பது நமது வாதம். "கோயில்ல மௌனமா இருந்தா எங்களத்தான் ஏசுவாங்க சேர்" என்பது அவரது வாதம். அவரது வாதமே வலுவுடையது. ஆயினும் மூலக்கோப்பு 88இலிருந்து எழுதப்படட்டும், பிற கருவிகளுக்கென 88ஐ 41க்கும், 90ஐ 45க்கும் அனுப்பும் இரண்டாவது அட்டவணை ஒன்றைத் தனியே வைத்திருப்போம் என்ற இடத்தில் இருவரும் இணங்கினோம். திரும்பி வரும் வழி அடைபடாதிருப்பது இவ்வேற்பாட்டின் பயன்.

அடிகளைக் கைபேசியிற் பதிவு செய்து, ஒவ்வொன்றாக நறுக்கி, விசைகளில் அமர்த்தினோம். 88 நடுத்தோல், திறந்தது, 89 அழுத்தியது, 90 மெல்லிய குச்சி, 91 இரண்டும் சேர்ந்தது, 92 சட்டம். 93, 94, 95 ஆகியன முறையே 88, 90, 91 அடிகளே, சூடு ஆறிய தோலில். 88 ஒலிக்கையில் 89 வந்தால் அது அடங்க வேண்டும் என்று இவ்விரண்டையும் ஒரு குழுவாக்கினோம். மெல்லிய குச்சியின் பதிவு ஏனையவற்றிலும் நலிவாக இருந்தமையால் அதன் விசையளவுக்கு 20 கூட்டினோம். அட்டவணையை இளைஞர் ஒரு கொப்பியில் எழுதினார்: இடப்பக்கம் எண், நடுவில் அடி, வலப்பக்கம் பிற கருவிகளுக்குரிய எண்.

96ஐ அவர் சாவடிக்கென வைத்திருந்தார். தனியடியாகவன்றி முழுத் தொடரையும் ஒரே விசையில் அமர்த்துவது அவரது எண்ணம். முதியவர் அதற்கு மாத்திரம் இணங்கவில்லை. சாவு விழாத வீட்டில் அதனை அடிப்பதில்லை என்றார். யாரேனும் செத்தால் வந்து பதிந்துகொள்ளுங்கள் என்று கூறித் தப்பைச் சுவரில் மாட்டினார். கொப்பியில் 96க்கு எதிரே நடுப்பகுதி வெறுமையாகவே உள்ளது. வலப்பக்கத்தில் இளைஞர் ஒரு கோடு போட்டிருக்கின்றார். பிற கருவிகளுக்கு அது எவ்வெண்ணையும் அனுப்பாது.